ஆமைக் கதை படித்த குரங்கு

ஒரு காட்டில், ஓடைக்கரை அத்தி மரத்தில், ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது குழந்தைகளே. அதில் இலந்தை என்று ஒரு குட்டி. குரங்காகப் பிறந்தும் அது தாவாது என்றால் நம்புவீர்களா? போன மழைக்காலத்தில் கிளை முறிந்து கீழே விழுந்தது, பாவம். அன்றிலிருந்து தாவ நினைத்தாலே அதற்குக் கைகால் வெடவெடக்கும்.

மரத்தில் பழம் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் கூட்டம் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும்.

"உன்னையும் சேர்த்துத் தூக்க முடியாதுடி. தம்பிப் பாப்பா என்னைக் கட்டிப் பிடிச்சிருக்கான் பாரு. நீயாத்தான் தாவணும்" என்றது அம்மாக் குரங்கு.

இலந்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உச்சிக் கிளையிலிருந்து ஒரே தாவாகத் தாவ வேண்டும் என்பதுதான் அதன் கனவே!

அன்று குரங்குகள் ஒரு சுற்றுலாக்காரரின் பையைப் பிடுங்கி வந்தன. வாழைப்பழத்தைப் பெரிய குரங்குகள் தின்று தீர்த்தன. அடியில் கிடந்த புத்தகம் மட்டும் இலந்தைக்குக் கிடைத்தது.

அது மலை உச்சியைப் பார்க்க ஆசைப்பட்ட ஓர் ஆமையின் கதை. ஆமை உருண்டு விழும், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும், மறுபடி கிளம்பும். பக்கத்துக்குப் பக்கம் இப்படி எழுதியிருந்தது: 'ஆமைக்குப் பயமாக இருந்தது. பயத்தோடே இன்னோர் அடி வைத்தது.'

கடைசியில் ஆமை உச்சிக்குப் போய்விட்டது. இலந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரே குழப்பம். இப்போது நாம் என்ன செய்வது? ஆமை செய்ததைத்தானே செய்ய வேண்டும்?

இலந்தை ஓர் அகலமான தேக்கிலையை ஓடு மாதிரி முதுகில் கொடியால் கட்டிக்கொண்டு, தரையில் மெல்ல மெல்ல ஊர்ந்தது.

"இதென்னடி கோலம்?" என்று கேட்டது கிளி.

"நான் ஆமை. புத்தகத்துல படிச்சேன்."

"அப்போ அந்த நீள வால் யாரோடது?"

இலந்தை திரும்பி வாலைப் பார்த்தது. குழப்பம் இன்னும் கூடியது.

புதருக்குள்ளிருந்து நரி எட்டிப் பார்த்தது. அதற்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"நீ சரியாத்தான் படிச்சிருக்கே கண்ணு! கிளிக்கு என்ன தெரியும்? ஆமை எங்கேயாவது மரம் ஏறுமா? கூட்டம் போகட்டும், நீ தரையிலேயே நட. பயம் வந்தா தலையை உள்ளே இழுத்துக்கிட்டுக் கண்ணை மூடிக்கோ."

"அவ்வளவுதானா நரி மாமா?"

"அவ்வளவேதான்!"

விடிந்தது. குரங்குகள் ஒவ்வொன்றாக அக்கரைக்குத் தாவின. "ஆமை வேஷம் போதும், மேலே ஏறி வாடி!" என்று அம்மா அங்கிருந்து கத்தியது. இலந்தையோ கீழே ஊர்ந்துகொண்டிருந்தது.

நரி வந்தது. இப்போது அதன் வாயில் இனிப்புப் பேச்சு இல்லை, பல்தான் தெரிந்தது. இலந்தை தலையை உள்ளே இழுத்தது. இழுக்க ஏது இடம்? கண்ணை மூடியது. முதுகில் சரக்கென்று தேக்கிலை கிழிந்தது.

ஐயோ, ஓடு போயிற்று! ஓடு இல்லாவிட்டால் நான் ஆமை இல்லையே. அப்படியானால் அந்தப் புத்தகத்தில் எனக்கென்று என்னதான் இருந்தது?

இருந்தது.

இலந்தைக்குப் பயமாக இருந்தது. பயத்தோடே மரத்தைப் பிடித்தது. பயத்தோடே ஏறியது. உச்சிக் கிளைக்கு வந்ததும் கால் வெடவெடத்தது. வெடவெடத்த காலோடே தாவியது!

அக்கரைக் கிளை கைக்குள் வந்துவிட்டது. இக்கரையில் நரி, வாயில் தேக்கிலையோடு அண்ணாந்து நின்றது.

அம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டது. "இப்போ சொல்லு, நீ குரங்கா ஆமையா?"

இலந்தை தலையைச் சொறிந்தது. "தெரியலையேம்மா. ஆமை மாதிரிதான் தாவினேன்!"

நீதி: நல்ல கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நாயகனின் வேஷத்தை அல்ல, துணிச்சலை.