தாளாளர் சட்டைப் பையில் ஒரு நூலகம்

எங்கள் பள்ளித் தாளாளர் வைரப்பெருமாளுக்குப் புத்தகத்தில் யார் கை பட்டாலும் பொறுக்காது. நூலகப் பீரோக்களைப் பூட்டி, சாவிக்கொத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அவர்தான் நூலகர் பிலோமினாவை மிரட்டினார்.

"நாளைக்குக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வர்றார். பிள்ளைங்க தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே பதில் தேடணும். ஆனா ஒரு புத்தகத்தையும் தொடக் கூடாது. சொதப்பினா உங்க வேலை போயிடும்!"

"சரிங்க சார்."

மறுநாள் பிள்ளைகள் பீரோக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"திமிங்கிலம் எப்படித் தூங்கும்?"

"எறும்புக்குக் காது உண்டா?"

அதிகாரி ஒன்றும் புரியாமல் பிலோமினாவிடம் கேட்டார். "கேள்வி சரி. பதில் எங்கம்மா?"

"பதிலெல்லாம் பீரோவுக்குள்ள இருக்கு சார்."

"பீரோ பூட்டியிருக்கே?"

"சாவி எங்கேன்னும் பிள்ளைங்களே தேடட்டும் சார்" என்றார் பிலோமினா.

அதிகாரியின் பக்கத்தில் நின்ற தாளாளர் அவசரமாகச் சட்டைப் பையைப் பொத்தினார். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. அத்தனை பிள்ளைகளும் பீரோவை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.