கொட்டகையில் உதிர்ந்த கரி

புயல் அடித்துப் பன்னிரண்டாம் நாள், தையல்நாயகி நோட்டும் கையுமாக மடத்துக்கு வந்தாள்.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றங்கரையில் ஓர் அறை, ஒரு புங்கமரம், அருணகிரி சாமி. சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் அவள் பாடம் கேட்க வந்து ஏழு வருடம் ஆகிறது. அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

அவள் வீட்டுக் கூரையைப் புயல் ஒரு கீற்று விடாமல் கொண்டுபோயிருந்தது. கூரை முழுதாகப் போன வீடுகளுக்கு நிவாரணக் குழு ஒன்று புதுக் கூரை போட்டுத் தருகிறது. தகரம், ஓடு, தளம், மூன்றில் ஒன்று. இன்று நாலு மணிக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது.

இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "இருக்கறதுலயே நல்ல கூரை எது சாமி?" என்று காலையிலேயே வந்து கேட்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ இருக்கறவங்களக் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது திரும்பி வந்திருக்கிறாள்.

"மோர் தரட்டுமா?"

"ஐயோ வேண்டாம் சாமி. போன வீட்டுலல்லாம் மோர்தான். வயிறு கொளம் மாதிரி தளும்புது. நல்லா இருக்கணும் எல்லாரும்."

நோட்டைப் பிரித்தாள். பக்கத்தின் ஓரத்தில் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"தகரம், பெரியண்ணன் வீடு. மழை பேஞ்சா புருசன் பேசறது பொண்டாட்டிக்குக் கேக்கலயாம்."

"அதனாலதான் சண்டை இல்லாம இருக்காங்க போல."

"சிரிக்காதீங்க சாமி. வெயில் வேற, உள்ள நிக்க முடியல. ஓடு, தபால்காரர் வீடு. நல்ல குளுமை. ஆனா குரங்கு வந்து நடந்தா போச்சு. தளம், டீச்சர் வீடு. ராத்திரியெல்லாம் அனலாத்தான் இருக்குமாம். ஆனா எந்தப் புயலும் தூக்காது. எனக்கு அதுலதான் மனசு."

"கீத்துக் கூரை?"

"அது தரமாட்டாங்களே. இருந்தாலும் பக்கத்து வீட்டுல பாத்தேன். விருத்தாம்பா வீடு."

விருத்தாம்பாளோடு அவளுக்கு நாலு வருடமாகப் பேச்சில்லை. முருங்கைமரம் யார் எல்லையில் நிற்கிறது என்று வந்த சண்டை. புயல் ஓய்ந்த காலையில் விருத்தாம்பாள்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, மாட்டை விற்ற பிறகு கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, "சாயங்காலம் வந்து படுக்கறதுன்னா படு, இல்லாட்டிப் போ" என்றாள். தையல்நாயகி பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். இன்று நோட்டோடு போய் நிற்கும்வரை அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"உள்ள விட்டாங்களா?"

"'என் வீட்டு ஓட்டையக் கணக்கெடுக்க வந்தியா'ன்னு கேட்டா. அடுப்பங்கரைக்கு மேல ஆகாசம் தெரியுது சாமி. கொடையப் பிடிச்சுக்கிட்டு ஒல வைக்கிறா. புயல்ல பிச்சுக்கிட்டுப் போச்சான்னேன். ஆமான்னு மொகத்தத் திருப்பிக்கிட்டா. முழுசாப் போகாததால அவ பேரு பட்டியல்ல இல்ல. இருக்கறதுலயே மோசம் அந்தக் கூரைதான்னு எழுதியிருக்கேன்."

"நீங்க படுத்திருக்கற கூரைய எழுதலயா?"

"கொட்டகைதானே சாமி, அதப் போயி எழுதுவாங்களா?"

"நாலு நாளா மழையாச்சே. ஒழுகுச்சா?"

"சொட்டுக்கூட இல்ல." சொன்ன பிறகுதான் அவளுக்கே அது வியப்பாக இருந்தது. புயலில் பிய்ந்த கூரையை மேய, முடைந்த கீற்று ஒன்றுகூட ஊரில் கிடைக்காத நேரம். "கரிதான் உதிருது. தலையெல்லாம் கரி, பாயெல்லாம் கரி. இந்த நோட்டக்கூடப் பாருங்க."

சாமி நோட்டை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கருப்பைத் தேய்த்து முகர்ந்தார்.

"அடுப்புப் புகை படிஞ்ச கரி. மாட்டுக்கொட்டகைல யாரும்மா அடுப்பு மூட்டுனாங்க?"

தையல்நாயகி முந்தானையைப் பார்த்தாள். துடைத்த இடமெல்லாம் கருப்பு. அதை மெல்ல மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

நாலு மணிக்கு நிவாரணக் குழுப் பையன் சைக்கிளில் அவளைத் தேடிக்கொண்டு மடத்துக்கே வந்தான்.

"என்னக்கா, தளம்னு எழுதிக்கவா?"

"தளத்தப் பங்கு போட முடியாது தம்பி. தகரம் எழுதிக்க. எத்தன தகடு வரும்?"

"பன்னெண்டு."

"எனக்குப் பத்து போதும். ரெண்டு தகட்ட மொதல்ல பக்கத்து வீட்டு அடுப்பங்கரைல போட்டுரணும்."

"உங்க வீட்டுல ஒரு மூல தொறந்து கெடக்குமேக்கா."

"கெடக்கட்டும். அவகிட்ட நானே போயிச் சொல்லிக்கறேன்." எழுந்து முந்தானையை உதறப் போனவள், உதறாமலே நடந்தாள்.

பையன் பேனாவோடு நின்றான். "தகடு வர இன்னும் பத்து நாள் ஆகுமே சாமி. அதுவரைக்கும் பாவம், இவங்க எங்க இருப்பாங்க?"

"இருக்கறதுலயே நல்ல கூரைக்குக் கீழதான் தம்பி இருக்காங்க. நீ எழுதிக்க."