பன்னிரண்டு பசுக்களும் ஏழு ஊர்களும்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஓர் அரசருக்குத் தன் நாடு செழித்துவிட்டது என்று யாராவது சொல்லிக் கேட்க ஆசை வந்தது. நாடு செழிக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. செழித்துவிட்டதாகக் கேட்க வேண்டும் என்பது வேறு ஆசை. அது வந்துவிட்டால், சொல்லுவதற்கு ஆளும் தானாக வந்துவிடும்.

அப்படி வந்தவர் அமைச்சர் உத்தமசீலர்.

"அரசே, வறண்டு கிடந்த கரட்டுச் சீமைகூடச் செழித்துவிட்டது. தாங்கள் அருளியபடி அங்குள்ள ஏழு ஊர்களுக்கும் ஊருக்குப் பன்னிரண்டு கறவைப் பசுக்கள் வழங்கிவிட்டோம். பஞ்சத்தின்போது தங்கள் தந்தையார் திறந்த கஞ்சித் தொட்டிகள் இனி எதற்கு? அவற்றை மூடிவிட்டு, மிஞ்சும் பொருளில் தலைநகரில் ஒரு வெற்றித் தூண் எழுப்பலாம்" என்றார்.

அவையின் ஓரத்தில் நின்ற விகடகவி சிட்டாண்டி முன்னே வந்தான். அவன் கரட்டுச் சீமைக்காரன். ஐந்து வயதில் தாய் தகப்பன் இல்லாமல் ஒரு கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு கஞ்சித் தொட்டி முன் நின்றவன். ஊற்றுகிறவள் ஒச்சாயி. மேலே மிதக்கும் தண்ணீரை விலக்கி, அகப்பையை அடிவரை விட்டு, கெட்டிக் கஞ்சியாகப் பார்த்து அவனுக்கு ஊற்றினாள். ஒருநாள் இல்லை, எட்டு வருஷம். இன்று அரசவையில் புரளுகிற நாக்கு அன்று ஒச்சாயி நனைத்த நாக்கு என்பதை அவன் மறந்ததே இல்லை.

"அரசே, அங்கே இன்றும் கஞ்சிக்கு வரிசை நிற்கிறது. ஊராரைக் கேட்டால் தெரியும்" என்றான்.

உத்தமசீலர் புன்னகைத்தார். "ஊரார் விகடகவியின் சொந்த ஊரார் அல்லவா? அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார்கள். மனித வாய்ச் சாட்சியை ஏற்கலாகாது அரசே. விகடகவியின் வாயும் அதில் அடக்கம்."

அரசருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நல்லது. நாளை ஏழு ஊர்களையும் நாமே பார்ப்போம். எந்த மனிதரும் சாட்சி சொல்லாமல், நீயும் வாய் திறவாமல், அமைச்சர் கூறியது பொய் என்று காட்டு. இயலாவிட்டால் தொட்டிகள் மூடப்படும். நீயும் அவைக்கு வரவேண்டாம்."

விகடகவி ஒழிந்தான் என்று மற்ற அவைப் பெரியோர்களுக்கு அன்று சாப்பாடு ருசியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் ஊரில் மேளதாளம். பன்னிரண்டு பசுக்கள் வரிசையாக நின்றன. கொம்புக்கு மஞ்சள் வண்ணம், கழுத்துக்கு மாலை. ஒவ்வொரு பசுவின் கயிற்றையும் ஒரு பெண் பிடித்திருந்தாள். சிரிக்கச் சொன்னதால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அரசர் பூரித்துப்போனார்.

சிட்டாண்டி பசுக்களையே பார்த்தான். வீட்டுப் பசு என்றால் கயிறு பிடித்தவளின் கையை நக்கும், முந்தானையை மோந்து பார்க்கும். இவை எட்டி எட்டி விலகின. பெண்களும் அவற்றைக் கண்டு பயந்தார்கள்.

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒச்சாயி வந்தாள்.

"ஏப்பா சிட்டாண்டி, தொட்டிய மூடப் போறாகளாமே, நெசந்தானா?"

அவன் வாயைப் பொத்திக் காட்டினான்.

"ஒன்னையும் வாயில்லாப் பூச்சியா ஆக்கிட்டாகளா? சரி விடு, வெறும் வயித்தோட அலையாத" என்று மடியை அவிழ்த்து, இருந்த கருப்பட்டித் துண்டுகளை எல்லாம் அவன் கையில் வைத்தாள். மழை கைவிட்ட அந்தச் சீமையைப் பனைமரம் மட்டும் கைவிடவில்லை. நாளைக்குக் கஞ்சி உண்டா என்று தெரியாதவள் இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறாள். சிட்டாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் அந்தக் கருப்பட்டியைத் தின்னவில்லை. ஒரு துண்டைச் செவலைப் பசு ஒன்றுக்கு ஊட்டினான்.

பல்லக்கு சாலையோடு சுற்றிக்கொண்டு இரண்டாம் ஊர் போய்ச் சேர்ந்தது. அங்கும் பன்னிரண்டு பசுக்கள். கொம்பில் பச்சை வண்ணம். சிட்டாண்டி ஒரு செவலைக்குக் கருப்பட்டி ஊட்டினான். மூன்றாம் ஊரில் கொம்புகள் நீலம். அங்கும் ஒரு செவலை, ஒரு துண்டு.

நான்காம் ஊரில் கொம்புகள் சிவப்பு. அரசர் பல்லக்கைவிட்டு இறங்கியதும் வரிசையிலிருந்த செவலை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, மேளக்காரர்களை இடித்துத் தள்ளி நேரே சிட்டாண்டியிடம் வந்தது. அவன் இடுப்பு மடியில் மூஞ்சியைப் புதைத்துத் துழாவியது. கருப்பட்டி கிடைக்கும்வரை விடவில்லை. தின்றபின் அவன் புறங்கையை நக்கியது.

"இந்த ஊர்ப் பசுவுக்கு உன்னை எப்படித் தெரியும்?" என்றார் அரசர்.

சிட்டாண்டி வாயைப் பொத்திக்கொண்டான்.

"கருப்பட்டி வாசனைக்கு எந்தப் பசுவும் வரும், அரசே" என்று முந்திக்கொண்டார் உத்தமசீலர்.

சிட்டாண்டி தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பணிவோடு அரசரிடம் நீட்டி, பசுவின் கொம்பைச் சுட்டினான். அரசர் துடைத்தார். சிவப்பு போய் நீலம் வந்தது. நீலம் போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் மஞ்சள் வந்தது.

மேளம் நின்றுவிட்டது. அரசர் சிட்டாண்டி பக்கம் திரும்பி, "பேசு" என்றார்.

"மனித வாய் கூடாது என்றார் அமைச்சர். ஆகவே மாட்டு வாயை வைத்துக்கொண்டேன், அரசே. நாம் சாலையில் சுற்றி வருகிறோம், இவை குறுக்குப் பாதையில் ஓடி வருகின்றன. பாவம், நம்மைவிட இவைதான் களைத்துவிட்டன."

அரசர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"உத்தமசீலரே, இந்தப் பன்னிரண்டும் இங்கேயே நிற்கட்டும். மற்ற ஆறு ஊர்ப் பசுக்களும் உம்முடைய தொழுவத்திலிருந்து வரட்டும். நீரே ஓட்டிக்கொண்டு வாரும். குறுக்குப் பாதை உமக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. சிட்டாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"தங்கள் தந்தையார் திறந்த தொட்டியில் வளர்ந்தவன் நான். எனக்குக் கொடுத்தாகிவிட்டது, அரசே. தொட்டியை எப்போது மூடுவது என்று சொல்லும் உரிமையை மட்டும் ஒச்சாயிக்குக் கொடுங்கள். வரிசையில் கடைசி ஆளும் வராத அன்று அவளே அடுப்பை அணைப்பாள்."

அரசர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சிட்டாண்டிக்கு அணிவித்தார். அன்று மாலையே முதல் ஊருக்குத் திரும்பிப்போய் ஒச்சாயியிடம் உரிமையையும் ஒப்படைத்தார். அவள் மிரளவில்லை. "பசியா வந்திருப்பீக" என்று அகப்பையை அடிவரை விட்டு அவருக்கும் ஊற்றினாள்.

பசுக்கள் கன்று போட்டன, கன்றுகள் பக்கத்து வீடுகளுக்குப் போயின. ஏரியைத் தூர்வாரினார்கள். ஒன்பது வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் ஒச்சாயி அடுப்பை அணைத்தாள். அணைத்த கையோடு ஒரு கலயம் தயிரைத் தலைநகருக்குக் கொடுத்தனுப்பினாள்.

அரசர் அவையில் வைத்தே கலயத்தைத் திறக்கச் சொன்னார். சிட்டாண்டி அடிவரை கைவிட்டுக் கெட்டித் தயிராக எடுத்து நாக்கில் வைத்தான். எல்லோரும் அவன் என்ன விகடம் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார்கள். அன்று முழுவதும் அவனுக்கு ஒரு விகடமும் வரவில்லை.