ஆவுடையம்மாள் கொடுத்த டிஸ்க்

செங்கோட்டைக்கு வெளியே உள்ள ஆசிரமத்தில் குற்றாலிங்கம்தான் மூத்த சீடர். குருவான வடிவம்மையைவிடப் பதினைந்து வயது பெரியவர். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், அம்மாவின் பேச்சைப் பதிவு செய்யும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. விழட்டும் என்றுதான் அவரும் காத்திருந்தார்.

பதினோரு வருஷப் பேச்சு சேர்ந்துவிட்டது. அன்பர்கள் கொடுத்த ஐந்து பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு மென்பொருளால் இணைத்து, ஒரே பெரிய டிஸ்க்காகத் தெரியும்படி செய்தார். ஒவ்வொரு பேச்சையும் அது துண்டு துண்டாக்கி ஐந்திலும் பிரித்து வைக்கும். ஐந்தும் வேலை செய்தால்தான் பேச்சு கேட்கும்.

வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "அஞ்சும் ஒண்ணாயிருச்சு, பாத்தீங்களா?" என்று திரையைக் காட்டினார். அந்த மிதப்பில் வேறு இடங்களில் இருந்த பிரதிகளையும் அழித்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள்தான் இப்படியெல்லாம் செய்வார்கள்.

ஆனி மாதம் ஒருநாள் ஒரு டிஸ்க் செத்தது. மொத்தமும் போனது.

செத்தது, தினமும் பூசைக்கு வரும் ஆவுடையம்மாள் கொடுத்தது. இறந்துபோன மகனின் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "அவன் பொருளும் இங்க கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலைப் பூசைக்கு வந்தவளை எல்லோர் முன்னாலும் குற்றாலிங்கம் நிறுத்தினார்.

"உங்க மவன் டிஸ்க்தான் எல்லாத்தையும் அழிச்சிருச்சு."

அவள் செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டாள்.

பூசை முடிந்ததும் குற்றாலிங்கம் வடிவம்மையிடம் போனார். நடந்தது அதற்குள் அம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது.

"அம்மா, நாலு டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணால எல்லாம் போச்சு."

"சேக்குறதுக்கு முன்னால சோதிச்சுப் பாத்தீங்களா, அண்ணாச்சி?"

"பாத்தேன்."

"அந்த டிஸ்க் எப்படி இருந்துச்சு?"

அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "ரொம்ப நாள் தாங்காதுன்னு காட்டுச்சு."

"பெறவு ஏன் சேத்தீங்க?"

"நாலுல இடம் பத்தல."

"அதை அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

குற்றாலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அழுகை என்னவோ உண்மையானதுதான்.

"பதினோரு வருஷம் அம்மா. நீங்க பேசுனதுல ஒரு வார்த்தைகூட மிச்சமில்ல. எல்லாம் நேத்து அழிஞ்சு போச்சு."

"நேத்து இல்ல, அண்ணாச்சி" என்றார் வடிவம்மை. "ஒரு வார்த்தையாவது உங்ககிட்ட மிச்சம் இருந்திருந்தா, காலையில அந்தம்மாவ அப்படிப் பேசியிருக்க மாட்டீங்க."