சங்கையாவின் களிம்பும் கோடாலிப்பட்டிக் கிடாவும்

தவளைக்குறிச்சி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். அவர்களே யாரிடமாவது வழி கேட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு கபடி அணி உண்டு.

அணியின் ஒரே நம்பிக்கை சங்கையா. அவன் வலது புறங்கையில் கரப்பான் என்ற தோல்நோய் வந்து, சிவந்து தடித்து, ஓயாமல் அரித்தது. போன ஆட்டத்தில் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனவன், நடுவில் நின்று, “ஸ்ஸ், அப்பாடா” என்று சுகமாகச் சொறிந்தான். பாட்டு அறுந்தது. ஆட்டமும் போயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோடாலிப்பட்டியோடு மோத வேண்டும். ஜெயித்தால் ஒரு கொழுத்த கிடா. அதற்கான மசாலாவை ஊரார் ஏற்கெனவே அரைத்து வைத்துவிட்டார்கள்.

அணி மொத்தமும் டவுனுக்குப் போய்த் தோல் டாக்டரம்மாவைப் பார்த்தது. அவர் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து, தன் ஆள்காட்டி விரலில் கொஞ்சம் பிதுக்கிக் காட்டினார்.

“நுனியிலேருந்து முதல் கோடு வரைக்கும். இது ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். உங்களுக்கு இதுல பாதி போதும். காலையில ஒரு வேளை, அரிக்கிற இடத்துல மட்டும் மெல்லிசா பூசுங்க. முகத்துல வேண்டாம். பூசினதும் மத்தக் கையைக் கழுவிடுங்க. இது உங்களுக்கு மட்டும்தான், வேற யாரும் பூசக்கூடாது. கண்டபடி பூசினா தோல் மெலிஞ்சிடும். நீங்களா கூட்டாதீங்க, நிறுத்தாதீங்க. அடுத்த வாரம் வந்து காட்டுங்க.”

மறுநாள் காலை டாக்டரம்மா கதவைத் திறந்தால், வாசலில் ஏழு பேர்.

“என்னய்யா?”

“விரல் வேணும்மா,” என்றான் கேப்டன் இருளப்பன். “நீங்க உங்க விரல்லதான காட்டினீங்க.”

டாக்டரம்மா கதவைப் பாதி சாத்தினார். “சங்கையா விரலே போதும். போயிட்டு வாங்க.”

அடுத்த சிக்கல் அடிபம்பில் வந்தது. சங்கையா இடது கையால் களிம்பைப் பூசிவிட்டு அப்படியே நின்றான்.

“இந்தக் கையைக் கழுவணும். எதை வச்சுத் தேய்க்கிறது? வலது கையால தேய்ச்சா மருந்து போயிடுமே.”

“காலால தேய்ச்சுப் பாரேன்,” என்றான் முத்தரசு.

பார்த்தான். தொட்டிக்குள் விழுந்தான். கடைசியில் ஆறு பேர் சேர்ந்து அந்த ஒரு கையைக் கழுவினார்கள். ஒருவன் பம்பு அடித்தான், ஒருவன் சோப்புப் போட்டான், மற்ற நால்வரும் சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்தார்கள். தினமும் இப்படியே. இவ்வளவு பேர் மெனக்கெட்டும் கரப்பான் குறைந்துகொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் இருளப்பன் எதிரணியிடம் போனான்.

“நேர்மையாச் சொல்லிடறேன் அண்ணே. எங்காளு கையில டாக்டர் மருந்து இருக்கு. அவனுக்கு மட்டும் எழுதினது. உங்க மேல பட்டா தோல் மெலிஞ்சிடும். அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது.”

“எவ்வளவு மெலியும்?” என்றான் கோடாலிப்பட்டிக் கேப்டன்.

“அதைத்தான் டாக்டரம்மா சொல்லல.”

சங்கையா கையை நீட்டிக்கொண்டு பாடிப் போனான். கோடாலிப்பட்டியார் ஏழு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். இன்னும் ஓரடி. இன்னும் ஓரடியில் ஏழு பேரும் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். விசில் ஊத வேண்டிய நடுவர் அதற்கு முன்பே ஒரு வேப்பமரத்தில் ஏறியிருந்தார். கடைசிவரை ஆட்டம் இப்படியே நடந்தது. அன்றைக்கே கிடா குழம்பாயிற்று.

அடுத்த வாரம் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா ஆறிடுச்சு. இனிமே களிம்பு வேண்டாம்.”

ஏழு முகங்களும் வாடின. அடுத்த மாத ஆட்டத்துக்கும் ஒரு கிடா இருந்தது.

“அப்ப எங்க ஆறு பேருக்காவது எழுதிக் குடுங்கம்மா,” என்றான் இருளப்பன்.

“உங்களுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

“கைல ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எப்படிய்யா எழுதறது?”

அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் பட்டது. பஸ்ஸில் ஊர் வரும்வரை அதைத்தான் யோசித்தார்கள்.

அன்று சாயங்காலம் கண்மாய்க்கரையில் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். எதிரே சங்கையா, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, பட்டாலே உடம்பெல்லாம் அரித்தெடுக்கும் பூனைக்காலிக் காயைப் பக்குவமாகப் பிடித்திருந்தான்.

“எல்லாரும் விரலை நீட்டுங்க,” என்றான். “நுனியிலேருந்து முதல் கோடு வரைக்கும்தான். மெல்லிசா பூசணும். முகத்துல வேண்டாம். அளவு மீறினா ஆபத்து.”