கிழக்குச் சுவர்

“இவனுங்களை எல்லாம் யார் உள்ளே விட்டது, ஹஜ்ரத்?”

தாஜ்மகால் வாசலைத் தாண்டியதும் காசிம் லெப்பை குருவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

குரு நடந்துகொண்டே இருந்தார். அவர் லெப்பையைவிட வயதில் இளையவர்; அண்ணன் முறை வைத்து காக்கா என்றே கூப்பிடுவார். காயல்பட்டினத்திலிருந்து ரயிலில் வந்த வழியெல்லாம் சீடரின் கோபத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருந்தது.

இறந்துபோன லெப்பையின் மனைவி பாத்துமுத்துவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய கையோடு கிளம்பி வந்திருந்தார்கள். ஒருதரம் தாஜ்மகாலைக் காட்டுங்க என்று அவள் கேட்டபோதெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே சொல்லிவந்தவர் அவர். இப்போது அவளுக்காக அங்கே இரண்டு ரக்அத்து தொழுது துஆ கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வந்த இடத்தில் ஒரே கூச்சல். தீனி, சிரிப்பு, கேமரா. ஒரு புதுமாப்பிள்ளை, பெண்டாட்டியைப் படம் பிடிக்க மறைக்கிறது, கொஞ்சம் தள்ளு என்று லெப்பைக்குக் கையைக் காட்டினான்.

உச்சந்தலைக்கு ஏறிவிட்டது அவருக்கு. இது மய்யித்து அடங்கின இடமா, சந்தையா என்று தமிழில் கத்தினார். அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

கல்லறைக்கு மேற்கே ஒரு பள்ளிவாசல். அங்கேயும் கூட்டம். கிழக்கே அச்சு அசலாக அதேபோல இன்னொரு கட்டடம். அதில் ஆளே இல்லை.

லெப்பை விறுவிறுவென்று அதற்குள் போனார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்று, தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்தார்.

தொழுது முடித்து வலப்பக்கம் சலாம் கொடுத்தார். குரு இல்லை. இடப்பக்கம் கொடுத்தார். அங்கேயும் இல்லை.

திரும்பிப் பார்த்தார்.

குரு பின்னால், முதுகோடு முதுகாக, வாசலைப் பார்த்துத் தொழுதுகொண்டிருந்தார். கல்லறை எதிரே வராதபடி ஓரமாக விலகி நின்றிருந்தார். எதிரே ஜனம் மட்டும்தான்.

அப்போதுதான் லெப்பைக்கு உறைத்தது. இது பள்ளிவாசலே இல்லை. மேற்கே இருக்கும் பள்ளிக்கு ஒரு ஜோடி இருக்கட்டும் என்று கட்டியது. இதன் சுவர் இருப்பது கிழக்கே. தொழும்போது முகம் வைக்கவேண்டிய கிப்லா, மக்காவின் கஃபா, இருப்பது மேற்கே.

குரு முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை? அவளுக்காகத் தொழுதது வீணாப் போச்சே.”

“நீங்க தக்பீர் கட்டுன வேகத்துல நான் எங்க வாயைத் திறக்க? மறுபடி தொழுங்க, காக்கா.”

லெப்பை மேற்கே திரும்பினார். வெளியே அந்தப் புதுமாப்பிள்ளை இன்னும் படம் எடுத்தபாடில்லை. காற்றில் பறந்த பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்துச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“அவன் நிக்கிறான், ஹஜ்ரத். நேர் எதிரே.”

“ஆமா.”

“அவனைப் பார்த்துக்கிட்டா நான் தொழணும்?”

“வேற பக்கம் கிப்லா இல்லையே, காக்கா.”