சிவப்பு நூல் கட்டிய குரல் குடங்கள்

மேகத்துக்கு நடுவே முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்ததாம். மஞ்சுவர்மன் என்றொரு ராஜா அதை ஆண்டாராம். அங்கே சின்னக் குடத்துக்குள் பேசி மூடி, அக்கரைக்குப் போகும் பனிப்பாலத்தில் உருட்டிவிடுவார்கள். அக்கரையில் திறந்தால் குரல் கேட்கும். குடம் தாமதித்தால் பேச்சு துண்டு துண்டாகிவிடும். ஆள் ஏறினாலோ பாலமே கரைந்துவிடும்!

"முதலில் வந்தது முதலில் போகட்டும்!" இது ராஜா கட்டளை. மாற்றிச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

ஒருநாள் அக்கரையில் ராஜாவின் மகளுக்குப் பிரசவ வலி. இக்கரையிலிருந்து மருத்துவச்சி குடம் குடமாக யோசனை சொல்லி அனுப்புகிறாள். ஆனால் வரிசையில் முன்னால், கேளிக்கை அதிகாரி தும்பையனின் கூத்தைப் படமாய் அடைத்த பெட்டிகள் ஆயிரம் நிற்கின்றன! "மூச்சை... பிடி... விடாதே..." என்று உடைந்து உடைந்துதான் அக்கரையில் கேட்கிறது. ராஜாவுக்குக் கைகால் ஓடவில்லை.

"மன்னா, வரிசையை இரண்டாக்குவோம்," என்றாள் அமைச்சர் கோதைமதி. "உடனே போக வேண்டியதற்குச் சிவப்பு நூல். அது முன்னால் போகட்டும். மற்றது, இடம் கிடைக்கும்போது போகட்டும்." ராஜா உடனே சரி என்றார்.

இந்தக் காலத்தில் ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கு மினுக்குகிறதே நெட்வொர்க் சுவிட்ச், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. போன் குரலை முன்னே விட்டு, சினிமாவைக் காக்கவைக்கும்.

தும்பையனுக்கு வயிறு எரிந்தது. "நான் மட்டும் இளைச்சவனா?" என்று ஆயிரம் பெட்டிக்கும் சிவப்பு நூல் கட்டிவிட்டான், படுபாவி! மறுபடி அடைப்பு.

"இதுதான் உன் வரிசை லட்சணமா?" என்று ராஜா கத்தினார்.

"சிவப்பு வரிசையில் ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு ஆளுக்கு ஒன்றுதான் மன்னா," என்றாள் கோதைமதி. "மிச்சம் காத்திருக்கக் கூடாது. காவலர்களே, அவற்றைப் பள்ளத்தில் தள்ளுங்கள்!"

பெட்டிகள் உருண்டன. உள்ளே படமாக இருந்த ஆட்டக்காரிகள் வண்ணப் புகையாகி மேகத்தில் மெல்லக் கலைந்தார்கள்.

"ஐயோ, என் கூத்து!" தும்பையன் ஓடிப்போய்ப் பல்லால் நூலைக் கடித்து அறுத்தான். "எனக்கு அவசரமே இல்லை சாமி! நாளைக்குப் போனாலும் சரி!" சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

மருத்துவச்சியின் குரல் இப்போது முழுசாகப் போனது. கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு குடம் வந்தது. ராஜா திறந்தார். குழந்தையின் அழுகை, ஒரு இடத்திலும் அறுபடாமல்! பின்னாலேயே மகளின் குரல்: "அப்பா, நான் நல்லா இருக்கேன்." ராஜா தேம்பித் தேம்பி அழுதார்.

"என்ன வேண்டும் கேள், அமைச்சரே!"

"அவசரமில்லாத நாளில் ராஜ கட்டளையும் சிவப்பு நூல் இல்லாமல் வரிசையில் வரட்டும், மன்னா."

ராஜா சிரித்துவிட்டார். அன்று மாலையே அவருடைய கட்டளைக் குடம் ஒன்று, தும்பையனின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பொறுமையாக நின்றது.